செல்வாக்கு குறைவு, ஆர்வம் குறைவு

மேற்கே மலையில் நீர்மின் அணை கட்டும் கம்பெனியில் எனக்கு ஊர்களைச் சமாளிக்கும் வேலை. யார் எதிர்ப்பார்கள், யார் சும்மா இருப்பார்கள் என்று செல்வாக்கையும் ஆர்வத்தையும் வைத்து நான்கு கட்டம் போட்டு ஊர்ப்பெயர்களை நிரப்ப வேண்டும். அதே ஆற்றின் கடைமடையில், நயினார்கோவில் பக்கம் இருக்கும் என் சொந்த ஊரைக் கடைசிக் கட்டத்தில் போட்டேன்: செல்வாக்கு குறைவு, ஆர்வம் குறைவு. நாலு வருடமாக ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்காத கண்மாய். அவர்களுக்கு அணையைப் பற்றி என்ன கவலை?

அந்தத் தாள் எப்படியோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் வாங்க நான் சமுதாயக்கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லார் கையிலும் போன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மின் இணைப்பைத் துண்டிக்க வருகிறவனிடம்கூட அதைக் கேட்கிற ஊர். ஆத்திரத்தில் என் தண்ணீர் பாட்டிலை எல்லார் எதிரிலும் திறந்து குடித்தேன்.

கண்மாய்ச் சங்கத் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

"வாங்க மேடம். எங்களுக்கு ஆர்வம் கொறைவாம்ல? வருசா வருசம் பங்குக்கு ஒரு ஆளு போயி கண்மாய்க்குத் தண்ணி வார வாய்க்கால வெட்டுறோமே, அது என்ன பொழுதுபோக்கா?"

"தண்ணி வராத காலுக்கு வெட்டு எதுக்குண்ணே?"

"தண்ணி வார அன்னைக்குக் கால் மண்ணு தூந்து கெடந்தா? ஒம் பங்குக்கும் நாந்தான் வெட்டுறேன். தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. எங்களைப் பெற்ற அய்யாவின் நிலத்தில் பாதி என் பேரில் இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று கோபம்தான் வந்தது.

"நான் கேட்டனா?" என்றேன்.

அண்ணன் ஒரு நோட்டைத் தள்ளினார். மேலே அணைக்கு எதிரான தீர்மானம். கீழே கால் வெட்டும் பங்குகாரர்களின் பெயர்கள், எதிரே கையெழுத்துகள். என் பெயருக்கு எதிரே மட்டும் காலி.

"இங்கன கையெழுத்தப் போட்டா நீ ஊர்க்காரி. இல்லன்னா பேர அடிச்சிருவேன். தண்ணி வந்தாலும் ஒன் வயலுக்கு மடை தெறக்காது."

போட்டால் வேலை போய்விடும். பேனாவை மூடிப் பையில் வைத்தேன். அண்ணன் என் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

அலுவலகம் திரும்பிக் கட்டத்தைத் திருத்தினேன்: செல்வாக்கு அதிகம், ஆர்வம் அதிகம். பாதிக்கப்படும் நிலக்காரர்களின் எண்ணிக்கையை, என்னைக் கழித்து எழுதினேன்.