குப்புறவா, மல்லாக்கவா?

காலை ஏழேகால் மணி. மலையுச்சியை மேகம் மூடியிருக்க, கீழே நூல்நூலாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது; நடுவில் சற்று நேரம் இளவெயில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தின் அப்படிப்பட்ட ஒரு சீசன் காலையில்தான், நின்ற மூச்சைத் திருப்பித் தருவது கடினம், அதற்கான சான்றிதழை யாரிடம் பெறுவது என்று முடிவெடுப்பது அதைவிடக் கடினம் என்பதை எங்கள் தொழில் எனக்குக் கற்பித்தது. பயிற்சி வகுப்பில் பொம்மையை ஊதி ஊதிக் கன்னம் வலித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் எங்கள்மீது சற்று இரக்கம் வைத்து மேலே படிக்கலாம்.

தென்காசியில் ஒரு மருத்துவமனையில் நான் செவிலியர். சீசன் மாதங்களில் அருவிக்கரை முதலுதவி நிலையத்தை என் பொறுப்பில் விடுவார்கள். என்னுடன் மூவர்: மலைபோல் தோள் உடைய மாடசாமி, கடையநல்லூரிலிருந்து வரும் பீர் முகம்மது, நிலையத்தைப் பெருக்குவதில் தொடங்கிக் கட்டுப் போடுவது வரை எல்லாம் செய்யும் பேச்சியம்மாள்.

ஒரு நெஞ்சு, இரண்டு பாடம்

அன்று அச்சன்புதூர் விவசாயி ஒருவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவந்து பாறையில் கிடத்தினார்கள். மூச்சு இல்லை. மாடசாமியும் பீர் முகம்மதும் எனக்கு முன்பே ஓடிப் போய்விட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேர்வதற்குள், "குப்புறப் போடுலே, முதுகை அமுக்கணும்" என்று மாடசாமி ஒரு பக்கமும், "இல்ல அண்ணாச்சி, மல்லாக்கப் போடணும், வாயில ஊதணும்" என்று பீர் முகம்மது மறுபக்கமும் அந்த மனிதரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் சான்றிதழ் உண்டு. மாடசாமி தென்காசியிலுள்ள ஒரு முதலுதவிச் சங்கத்தில் பயின்றவன். பீர் முகம்மது முன்பு வேலை பார்த்த ஆலையில் பயின்றவர். இருவரும் தத்தம் பாடத்துக்கு உண்மையாக இருந்தார்கள்.

அவர் பிழைக்கவில்லை. நாங்கள் ஒரே பக்கமாகப் புரட்டியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால் அவருடைய தம்பி அழாமல், கோபப்படாமல் என்னிடம் கேட்டது அடுத்த சீசன் வரை என்னை உறங்கவிடவில்லை: "ரெண்டு பேரும் ஒரே இடத்து ஆளுதானம்மா? ஆளுக்கொரு பக்கமா எங்க அண்ணனைப் புரட்டுதாவளே."

தோல்வியே இல்லாத வகுப்பு

அடுத்த சீசனுக்குமுன் நாங்கள் நால்வரும் ஓரிடத்தில், ஒரே பாடத்தைப் படித்தாக வேண்டும் என்று நிர்வாக அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் இசைந்தார்; சான்றிதழ் இல்லாதவருக்கு அருவிக்கரையில் வேலை இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். அந்த மூவருக்கும் சீசன் வேலைதான் பாதி ஆண்டின் சோறு.

முதலில் சங்கத்தின் வகுப்பைப் பார்த்தோம். நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, மடிப்புக் கலையாத கழுத்துப்பட்டை. பீர் முகம்மதைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகை அமுக்கி, முழங்கையைத் தூக்கி, மீண்டும் அமுக்கி, அளவெடுத்தாற்போல் செய்து காட்டினார். அவர் ஒழுங்கைக் கண்டு உண்மையிலேயே வியந்தேன். எங்களில் எவருடைய அமுக்கலால் காற்று உள்ளே போனது, எவருடையதால் போகவில்லை என்பதை எப்படி அறிவது என்று மட்டும் கேட்டேன். தங்கக்கரை போட்ட சான்றிதழ்க் கட்டை மேசைமேல் தட்டி நேராக்கியபடி அவர் பெருமையுடன் சொன்னார்: "எங்க வகுப்புல இதுவரைக்கும் ஒருத்தரும் தோத்ததில்லம்மா."

பெட்டிக்குள் ஒரு மார்பு

இரண்டாவதாக மதுரை மருத்துவமனை ஒன்றிலிருந்து இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் இடுப்புவரை மட்டுமே உடைய ரப்பர் பொம்மை ஒன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. அவர் அதன் தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து ஊதினார். மார்பு மெதுவாக உயர்ந்தது. விலங்கியல் பட்டம் பெற்று, செவிலியர் பயிற்சியும் முடித்து, எத்தனையோ மார்புகள் கடைசியாகத் தாழ்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த நான், மனித மூச்சால் இன்னொரு மார்பு உயர்வதை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். பேச்சியம்மாள் தன்னையறியாமல் கைகூப்பியிருந்தாள்.

நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஊன்றி அமுக்கும் விதத்தையும் மருத்துவர் காட்டினார். பிறகு தேர்வு. மாடசாமி அமுக்கிய வேகத்தில், உயிருள்ளவராக இருந்தால் விலா எலும்பு நொறுங்கியிருக்கும் என்றார் மருத்துவர். பீர் முகம்மது தலையைச் சாய்க்காமல் ஊதினார். காற்று வயிற்றுக்குப் போயிற்று. பேச்சியம்மாள் கையை வைத்த இடம் தவறு. எனக்கு முழங்கை மடிந்துவிட்டது. நால்வருமே தோற்றோம். வெளியே வந்து பீடியைப் பற்றவைத்த மாடசாமி என்னைப் பாராமல் சொன்னான்: "தோக்கதுக்கு மதுரையிலருந்தா ஆளைக் கூப்பிடணும் சிஸ்டர்? இங்கனயே அழகாத் தோத்திருப்பமே."

எண்ணெய்

மறுநாள் ஊர் திரும்புவதற்குமுன் அருவியைப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அழைத்துச் சென்றேன். சீசன் தொடங்கும் தறுவாய். அருவி வெள்ளைச் சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து அருவியைப் பார்ப்பார்கள். அவரோ கீழே பார்த்தார். எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் முன்னால் வரிசையாக அமர்ந்து, உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் வழிய, பளபளவென்று எழுந்து அருவிக்குப் போகும் மனிதர்களைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "இங்க குளிக்கிறவங்க எல்லாருமே இப்படித்தான் போவாங்களா, சிஸ்டர்?" என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். மதுரைப் பேருந்தை அவர் அன்று விட்டுவிட்டார்.

பொம்மையுடன் மற்ற மூவரையும் அருவிக்கரைக்கே வரவழைத்தார். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் இழுத்துக் கட்டி, தாளின்மேல் எண்ணெயை ஊற்றினார். பிறகு தானே மண்டியிட்டு அமுக்கினார். கை வழுக்கி விலாப்புறம் போயிற்று. மீண்டும் அமுக்கினார், மீண்டும் வழுக்கியது. மூக்கைப் பிடித்தார்; விரல் நழுவியது. அந்தப் பகல் முழுவதும் ஐவருமாகப் பலவற்றைச் செய்து பார்த்தோம். கடைசியில், நெஞ்சின்மேல் ஈரிழைத் துண்டை விரித்து அதன்மேல் கையை ஊன்றினால் நிற்கிறது, துண்டின் நுனியால் பிடித்தால் மூக்கு நழுவுவதில்லை என்று கண்டோம். தன்னிடம் தோற்றவர்கள் முன்னிலையில் தானும் தோற்று, வெட்கமின்றி மீண்டும் மண்டியிட்ட அந்தப் பெண்ணை வியப்பு நீங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் படிப்பது என்ற கேள்வி எனக்கு அப்போதே தீர்ந்துவிட்டது. புடைவையில் எண்ணெயைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "காலையில செஞ்சதுக்கு என்னையும் ஃபெயில்னே வச்சுக்கோங்க, சிஸ்டர்."

அதிகாரியின் ஐயம்

என் முடிவைக் கேட்ட நிர்வாக அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சீசன் தலைக்குமேல் நிற்கிறது. சங்கத்தில் படித்தால் இரண்டு மாலைகளில் கையில் சான்றிதழ். மதுரைக்காரர்களோ மறுதேர்வு வைப்பார்கள், அதிலும் தோற்கலாம், தோற்றால் மூன்று குடும்பங்களின் சீசன் போயிற்று. அவர் கூறியது அத்தனையும் நியாயம்.

எனவே நிலையத்துக்கு வந்து, விருப்பமில்லாதவர்கள் சங்கத்துக்கே போகலாம் என்று மூவரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நகரவில்லை. தலையணையை நெஞ்சாக வைத்துத் தினமும் பழகினார்கள். மறுதேர்வில் பேச்சியம்மாளும் பீர் முகம்மதும் நானும் தேறினோம். மாடசாமி மூன்றாம் முறையில் தேறினான். சான்றிதழ்த் தாள் மதுரையிலிருந்து வந்துசேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் வேண்டினேன். அவர் பெருமூச்சுடன் அனுமதித்தார்: "ஜெயிக்க வைக்கிறவரை விட்டுட்டுத் தோக்க வைக்கிறவங்களைத் தேடிப் போறீங்க. நீங்க எல்லாருமே இப்படித்தானா?"

பாறைமேல்

தாள் வருமுன்பே ஆள் வந்துவிட்டார். பாவூர்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் கடைக்காரர், கனத்த உடம்பு, எண்ணெய்க் குளியலுக்காகவே வந்தவர். பாறையில் கால் வழுக்கித் தண்ணீர்த் தேக்கத்தில் முகம் குப்புற விழுந்துவிட்டார். நீர்த்திரையில் யாரும் கவனிக்கவில்லை. தூக்கி வந்தபோது உதடு நீலம். மூச்சும் இல்லை, கழுத்தில் நாடியும் இல்லை. "காலைப் பிடிச்சுத் தலகீழாத் தூக்குங்கலே, தண்ணி வெளிய வரட்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, அவரு மூச்சுக்கு எடம் வேணும்" என்றார் பீர் முகம்மது.

மல்லாக்கக் கிடத்தினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. துண்டு விரிந்தது. மாடசாமி உரக்க எண்ணியபடி அமுக்க, பீர் முகம்மது ஊத, அந்தப் பெரிய மார்பு பொம்மையின் மார்பைப் போலவே உயர்ந்தது. மாடசாமிக்குக் கை ஓய்ந்ததும், எண்ணிக்கை அறுபடாமல் பேச்சியம்மாள் அந்த இடத்தைப் பிடித்தாள். என் விரல் கழுத்தில் இருந்தது. அருவி இரைந்துகொண்டிருந்தது, எனக்கு எண்ணும் குரல் மட்டுமே கேட்டது. திடீரென என் விரல் நுனியில் ஏதோ ஒன்று அசைந்தது, நின்றது, மீண்டும் அசைந்தது. பிறகு நிற்கவில்லை. அதை எழுத எனக்குச் சொற்கள் இல்லை. நான் நிறுத்தச் சொல்வதற்குமுன்பே பேச்சியம்மாள் கையை எடுத்து, துண்டின்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சிஸ்டர், உள்ள இருந்து யாரோ திருப்பித் தட்டுதாவ."

மறுநாள் காலை

கமிஷன் கடைக்காரர் தென்காசி மருத்துவமனையில் கண் விழித்து, விலா வலிக்கிறது என்று முனகிவிட்டு, இட்லி கேட்டார். அவருடைய மனைவி இட்லி வாங்கப் போகாமல், அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்து ஆசிரியர் செய்தி கேட்டு முதல் பேருந்தில் வந்து, கஞ்சி போட்ட சட்டையுடன் எங்கள் நிலையத்துத் தரையில் மண்டியிட்டு, தன் பழைய மாணவன் மாடசாமியிடம், "கையை எங்கன வைக்கணும்? சரியாக் காட்டுப்பா" என்றார். மாடசாமி கூச்சத்தில் நெளிந்துகொண்டே காட்டினான். பீர் முகம்மது, நிலையத்துக்கென வெட்டிய ஈரிழைத் துண்டுகளுக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார். நிர்வாக அதிகாரி வந்து, சான்றிதழைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அருவியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். பேச்சியம்மாள் வீங்கிய மணிக்கட்டுடன் வழக்கம்போல் நிலையத்தைப் பெருக்கினாள். நான் அவளிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டு, ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தேன்.

பிழைத்தவர் இட்லி கேட்பதும், பிழைக்க வைத்தவர் வெந்நீர் தேடுவதும்தான் எங்கள் தொழிலில் வெற்றி விழா.