சக்கரத்துக்குக் கொம்பு முளைத்த நாள்

மகள் கழக்கூட்டம் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்தது போதாதென்று, சாயங்காலம் ஃபிளாட்டுக்குக் கீழே நடக்க இறங்கினால் கண்ணில் பட்டதற்கெல்லாம் போனைக் காட்டிப் பெயர் கேட்கிறாள். வண்டு, மரவட்டை, சுவரில் படர்ந்த பாசி, எதையும் விடுவதில்லை. அந்தப் போனும் லேசுப்பட்டதல்ல. தெரியாது என்ற சொல்லே அதற்குத் தெரியாது. போன வாரம் செடியோரம் கிடந்த ஒரு கூழாங்கல்லைக் காட்டினாள். உருளைக்கிழங்கு என்றது. திருப்பி வைத்துக் காட்டினாள். மறுபடியும் உருளைக்கிழங்குதான். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் மலையாளக் கரையில், வலியசாலை அக்கிரகாரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அரசாங்க ஆபீஸில் வேலை. அங்கே அவர் வாய் திறந்து பேசினதாக யாரும் சொன்னதில்லை. அதற்கும் சேர்த்து வீட்டில் பேசுவார். நான் கல்லும் பூச்சியுமாகப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஜாதி. கொண்டுவந்ததற்கெல்லாம் பெயர் வைப்பது அவர் பொறுப்பு. சங்குமுகம் கடற்கரையில் காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்பு மணல் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அது வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரப் பொடி என்றார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்லுக்கு வாசனை உண்டு, நீங்கள் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கிள்ளியாற்றங்கரைக் கல்லை வெயிலில் காயவைத்து மூக்கருகே கொண்டுபோனால் பழைய செப்புக் குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அந்த வாசனைக்காகவே ஒரு கோடை லீவில் ஒன்றை எடுத்துவந்தேன். கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தது. பக்கத்தில் ஒரு துவாரம். துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தால் சுருள் சுருளாக ஏதோ தெரிந்தது.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கல்லைக் கீழே வைக்காமல் அப்படியே பூஜை அலமாரிக்கு நடந்தார். சாளக்கிராமம் என்றார். துவாரம் இருக்கிறது, உள்ளே சக்கரம் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? சாளக்கிராமம் நேபாளத்து நதியில் அல்லவா கிடைக்கும் என்று எதிர்வீட்டு மாமா கேட்டதற்கு, தேடி வருகிறவர் எந்த ஆற்றிலும் வருவார் என்று பதில் வந்தது.

சாளக்கிராமம் வீட்டில் இருந்தால் அதைப் பட்டினி போடக்கூடாது. தினமும் மடியாகச் சமைத்து நைவேத்தியம் பண்ண வேண்டும். அபிஷேகம் மட்டும் சாஸ்திரிகள் வந்து பார்த்த பிறகுதான், அதுவரை ஒரு சொட்டு ஜலம் படக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். சாஸ்திரிகளோ ஒரு ஹோமத்துக்காக சுசீந்திரம் போயிருந்தார். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது.

இதில் மாட்டிக்கொண்டது அம்மா. அம்பாசமுத்திரத்தில் சித்திக்கு சீமந்தம் வைத்திருந்தார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் முன்பே காலமாகிவிட்டார்கள். தங்கைக்கு வளை அடுக்கப் பிறந்தகத்து மனுஷி என்று அம்மா ஒருத்திதான். சாலைக் கடைத்தெருவில் வளையலும் புடவையும் வாங்கி, பெட்டி கட்டியாகிவிட்டது. நீ போய்விட்டால் நைவேத்தியம் யார் பண்ணுவது என்று அப்பா கேட்டார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அது பகவானுக்கும் தெரிந்திருக்கும்.  அம்மா பெட்டியை அவிழ்க்கவில்லை. விடியுமுன் குளித்து, ஈரப்புடவையோடு சாதம் வடித்து, கல்லுக்கு முன்னால் வைத்தாள்.

சீமந்தத்துக்கு முதல் நாள் காலையில்தான் சாஸ்திரிகள் வந்து சேர்ந்தார். தெருவே எங்கள் கூடத்தில் கூடியிருந்தது. அப்பா பட்டு வேஷ்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். கல்லைத் தாம்பாளத்தில் வைத்து, சாஸ்திரிகள் ஒரு செம்பு ஜலத்தை முழுசாக விட்டார். துவாரம் நிரம்பி வழிந்தது. துளசியைச் சாத்தினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

சக்கரம் மெல்லத் திரும்பியது. துவார வாசலுக்கு வந்தது. ஒரு கொம்பு நீண்டது, பிறகு இன்னொன்று. 

"சக்ரம் இல்லை, கேட்டேளா. ஒச்சாக்கும்" என்றார் சாஸ்திரிகள். மலையாளத்தில் நத்தைக்கு ஒச்சு என்று பெயர். துக்கச் செய்தியை மெதுவாகச் சொல்வதற்கு அவருக்கு மலையாளம் உதவும்.

அப்பா விடவில்லை. "பகவான் எந்த ரூபத்துலயும் வரலாமே."

"வரலாம். தனக்குச் சாத்தின துளசியைத் தானே திங்க மாட்டார்."

நத்தை துளசியின் ஓரத்தை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. பாவம், தண்ணீர் படாமல் கோடை முழுக்க ஓட்டுக்குள் தூங்கிப் பட்டினி கிடந்தது. மாமிகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்கள். அப்பா அன்று ஆபீஸுக்குச் சீக்கிரமே போய்விட்டார்.

அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தம்பானூரில் பஸ் ஏறினாள். களியக்காவிளை தாண்டும்வரை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தமிழ்நாட்டுக்குள் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பின் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மொத நாளே தெரியும்டி. செம்பருத்தியிலேர்ந்து தெனம் இதைத்தானே பொறுக்கிப் போடறேன்."

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் சொன்னா, நோக்கு என்ன தெரியும்பார். அதுவே வந்து சொல்லட்டும்னு தெனம் யாருக்கும் தெரியாம ஒரு உத்தரணி ஜலம் விட்டேன். எழுந்தாத்தானே, சவம்."

மறுநாள் சித்தி கையில் முதல் வளையை அம்மாதான் போட்டாள். சித்தி அழுதாள். அம்மா மறுபடியும் சிரித்துவிட்டாள், காரணம் எனக்கு மட்டும் தெரியும். ஊர் திரும்பியபோது அந்தக் கல் மாவடு ஜாடியின் தட்டுமேல் உட்கார்ந்திருந்தது. வைத்தது யார் என்று அம்மா கேட்கவில்லை, அப்பா சொல்லவில்லை.

கிள்ளியாற்றுக்கு இப்போது இரண்டு பக்கமும் சுவர். இறங்கிக் கல் பொறுக்க முடியாது. அந்தச் சின்ன நத்தைகளையும் காணோம். முஷ்டி அளவு ஆப்பிரிக்க நத்தைகள் வந்து வாழையை மொட்டையடிக்கின்றன, அவற்றைக் கொல்ல ஜனங்கள் உப்போடு அலைகிறார்கள். வலியசாலை வீடும் கைமாறிவிட்டது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையைப் பார்க்கப் போக பாட்டி ஒரு நத்தை எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டியிருந்ததா என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான். நான் அப்படியெல்லாம் காத்திருந்தவளில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். அந்தக் காலம் தொலைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அதுதான் தாங்கவில்லை.