ஏரி மீனுக்கு வந்த சாலை

ஏரித் தண்ணீரின் மேல் ஒரு பஸ் வருவதாக எனக்கு அடிக்கடி தோன்றும். பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிதான் தெரியும். கார்த்திகை மாதத்துக் காலையில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இருக்காது. எல்லாம் ஒரே சாம்பல் வெளுப்பு. அதற்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று மெல்ல அசைந்து வரும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, நான் அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, என் வீட்டு வாசல் வரைக்கும் போய்விடுவேன். கதவைத் தட்டப் போகிற நேரத்தில் ஏதாவது ஒரு வாண்டு, "டீச்சர், பன்னெண்டாம் வாய்ப்பாடு முடிஞ்சிட்ச்சி, இன்னா செய்றது?" என்று கேட்கும். எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அறுபதுகளின் கடைசி அது. ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் எனக்கு ஆசிரியை வேலை. வீடும் கணவரும் ஸ்ரீபெரும்புதூரில். தூரம் என்று பார்த்தால் பிரமாதமில்லை. ஆனால் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற சாலை இருக்கிறதே, அது பேருக்குத்தான் சாலை. ஜல்லி பெயர்ந்து, வண்டித் தடம் பள்ளமாகி, மாட்டுக்கே கால் பிசகும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் அதன் மேல்தான் ஓடும். பள்ளி விட்டு நடந்து போய்ச் சேர்வதற்குள் சாயங்கால பஸ் போயிருக்கும். அதனால் வாரம் முழுக்க ஊரிலேயே தங்கி, அரைநாள் பள்ளியான சனிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை விடிவதற்கு முன் கிளம்பிவிடுவேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை வளர்த்தது என் நாத்தனார். தங்கமான மனுஷி, ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். பசித்தால் குழந்தை அவளிடம் ஓடும், விழுந்தால் அவளிடம் ஓடும். நான் கையை நீட்டினால் அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கும். கோடை விடுமுறையில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பள்ளி திறந்து கொஞ்ச நாளானால் மறுபடி பழைய கதைதான்.

ஊரில் நான் குடியிருந்தது ஓர் அக்கா வீட்டின் பின்னறையில். கணவன் இல்லை, நிலம் இல்லை. ஏரி மீனைக் கருவாடாக்கி, மணிமங்கலம் வரைக்கும் கூடையில் சுமந்து விற்பாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். திங்கட்கிழமை நான் உம்மென்று வந்து நின்றால், "இன்னா டீச்சர், வூட்டுக்காரு அடிச்சி வெரட்டிட்டாரா?" என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே நான் கேட்காமல் ஒரு தட்டுச் சோறும் வைப்பாள்.

அந்தக் கார்த்திகையில்தான் ஒன்றியத்திலிருந்து சாலை விஷயம் வந்தது. சாலையை அடியிலிருந்து புதிதாகப் போட்டு, தண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு சிறு பாலமும் கட்டித் தருவார்கள். செலவில் பெரும்பங்கு அவர்களுடையது. மீதிப் பங்கை ஊர் ஏற்க வேண்டும். ஏற்றால் பஸ் விடவும் வழி உண்டு. பஞ்சாயத்துக்கென்று தனிக் கட்டடம் இல்லாததால் கூட்டம் என் வகுப்பறையில் நடந்தது. மீசை வைத்த பெரிய மனிதர்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பலகையில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வந்த காகிதத்தை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார் தலைவர். பஸ் என்ற சொல் வந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

"ரோடு சர்க்காரு ரோடு. அதுக்கு நாம எதுக்குக் குடுக்கணும்?" என்றார் ஒருவர்.

"குடுக்காம வுட்டா மண்ணூர் பக்கம் போட்டுட்டுப் பூடுவான். அப்பறம் நாம சேத்துலயே கெடக்க வேண்டியதுதான்," என்றார் தலைவர்.

வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாமா என்றார்கள். இல்லாதவன் எங்கே போவான் என்று அது நின்றது. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்கலாமா என்றார்கள். நடவு நேரத்தில் எவன் வருவான் என்று அதுவும் நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தபடி எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "ஏரி மீன குத்தகைக்கு வுடலாம். மெட்ராஸ்காரரு ஒருத்தரு கேட்டுகினே கீறாரு."

ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் சட்டென்று அவர் பக்கம் திரும்பின.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். பங்குனிக் கடைசியில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அந்த ஊரில் தண்டோரா போடுவார்கள். மறுநாள் விடிவதற்குள் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் என்று அத்தனை பேரும் கூடையோடு கரையில் நிற்பார்கள். தலைவர் ஒரு துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். அதற்கு முன் ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. கையில் அகப்பட்டது அவரவருக்கு. பிள்ளை பெற்றவள் வீட்டுக்கும், முடியாமல் படுத்திருப்பவர் வீட்டுக்கும் பங்கு போய்விடும். முந்தின வருஷம் எனக்குக்கூட ஒரு விரால் வந்தது. அக்கா அதைக் குடத்துத் தண்ணீரில் விட்டு வைத்திருந்தாள். கலங்கிய தண்ணீர் வெயிலில் மினுமினுக்க, அன்று முழுக்க ஊரே ஏதோ கனவுக்குள் நடமாடுவது போலிருந்தது. அக்காவுக்கு அந்த ஒரு நாள் மீன்தான் பாதி வருஷச் சோறு.

முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏரி மீனு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா? ரோடு வேணும்னா உங்க நெல்ல வித்துப் போடுங்க."

கூட்டம் அத்தோடு கலைந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவள் வைத்த சோற்றை நான் தொடவில்லை. அவள் கேட்டது நியாயம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, பஸ் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் மழை விடவே இல்லை. சாலை மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. சனிக்கிழமை வரும், பையை எடுத்துக்கொண்டு போய், ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். பல வாரம் கழித்து, தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனபோது, ஆசையாகத் தூக்கினேன். மகள் வீறிட்டு அழுதாள். கைகாலை உதறி அத்தையிடம் தாவினாள். ஞாயிற்றுக்கிழமை முடியும் வரை என் பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன். அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"கொழந்த நல்லாத்தானே கீது?"

"நல்லாத்தான் இருக்கு அக்கா. என்னப் பாத்தா பயந்து அழுவுது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளுடைய அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, ஆண்களுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்தாள்.

"மூணு வருசத்துக்கு வுடுங்க. அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது. அப்பால ஏரிய ஊருக்கே திருப்பிடணும்," என்றாள்.

தலைவர் வாயைப் பிளந்தார். "அன்னிக்கு சண்ட போட்டது நீதானேம்மா?"

"அன்னிக்குப் போட்டேன். இன்னிக்குச் சொல்றேன். எழுதிக்குங்க."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவளுக்கே சம்மதம் என்றால் நமக்கென்ன என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் மெட்ராஸ்காரரின் ஆட்கள் பெரிய வலையோடு வந்து இறங்கினார்கள். தண்டோரா போடவில்லை. ஆனாலும் விடியும்போது பார்க்கிறேன், ஊரே கரைமேல் நின்றுகொண்டிருக்கிறது. அத்தனை பேர் கையிலும் கூடை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட வந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லையோ என்னவோ. மெல்லிய பனிக்குள் எல்லோரும் துண்டு வீசப்போகிற நேரத்துக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்கள். ஏரி நடுவில் வலை இழுபட்டது. மீன்கள் வெள்ளை வெள்ளையாகத் துள்ளின. ஒருவர்கூடக் கால் நனைக்கவில்லை. வெயில் ஏறியதும் வெறும் கூடையோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அக்காவும் போனாள். அவள் பின்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வருஷம் அவள் கருவாட்டுக்குப் பதில் கீரை சுமந்தாள்.

கோடையில் சாலை போட்டார்கள். பள்ளி திறந்த அன்று காலையும் மாலையும் ஊருக்குள் பஸ் வந்தது, புகையும் இரைச்சலுமாக. விடுமுறை முழுக்க என் மடியிலேயே கிடந்த மகளைத் தூக்கத்தில் விட்டுவிட்டுத்தான் அன்று கிளம்பினேன். சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"அத்த, இன்னிக்கு சனிக்கெழமையா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"இல்லடி, திங்கக்கெழம," என்றேன். அவள் நம்பவில்லை. நெடுநேரம் தூரத்தில் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் என் செருப்பைக் காணோம். கட்டிலுக்கடியில், கொல்லையில், எல்லா இடத்திலும் தேடினோம். அவள் விழித்துக்கொண்டு, கதவோரம் நின்று, வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாத்தனாரின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா கீரைக் கூடையோடு எதிரே வந்தாள்.

"இன்னா டீச்சர், யாரு செருப்பு இது? ரெண்டு காலும் ஒண்ணுலயே பூந்துடும் போலகீது."

நடந்ததைச் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க போவக் கூடாதுன்னு ஒளிச்சி வெச்சிட்டாளா?"

"ஆமாம் அக்கா."

"அப்ப சரி," என்றாள். "அப்ப சரி, டீச்சர்."