தள்ளித் தைத்த பட்டன்

சட்டையில் குறை என்றால் தையல்காரர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். துணி சுருங்கிவிட்டது, சோப்பு சரியில்லை, நீங்கள் சதை போட்டுவிட்டீர்கள் என்று எதன் தலையிலாவது பழியைப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் காலரே ஒருநாள் அவர் கழுத்தை இறுக்கியபோது, கண்ணாடியில் கழுத்தைப் பார்த்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? துணிக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே காலர் பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொண்டார். மறுபடி இறுக்கியது. மறுபடி தள்ளினார்.

"எங்க வீட்டுக் கழுத்தே அப்படித்தான், தூண் மாதிரி" என்று பெருமை வேறு. அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் பட்டனைத் தள்ளித் தள்ளித் தைத்துக் கொடுத்தவர் இவர்தான். அப்பா தொண்டையில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தார். அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க இவருக்கு எங்கே நேரம்? அடிக்கடி வயிறு கலக்கி ஓடியதற்கு மனைவியின் சமையலைக் குற்றம் சொன்னார். அந்த அம்மாள் எண்ணெயை மாற்றினாள், பாத்திரத்தை மாற்றினாள், புருஷனைத்தான் மாற்றவில்லை.

குரல் கரகரத்த பிறகு அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். சேதி கேட்டு முதலில் வந்து நின்றவர், உலகத்தில் தெரியாத விஷயமே இல்லாத மைத்துனர்.

"கவலைய விடுங்க மச்சான். கேன்சர்லயே ரொம்ப நல்ல கேன்சர் இதுதான். வெட்டி எடுத்துட்டு, அயோடின் மருந்து ஒண்ணு குடுப்பாங்க. அவ்வளவுதான்!"

மாலை போட்டுப் பாராட்டாததுதான் பாக்கி.

டாக்டருக்கு மைத்துனர் அளவுக்கு விவரம் போதாது. ஆபரேஷனுக்குப் பிறகு, மனைவி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் சொன்னார்:

"இது மெடுல்லரின்னு ஒரு அபூர்வ வகைங்க. அயோடினுக்கெல்லாம் அசையாது. மெதுவாத்தான் வளரும், ஆனா உங்களுக்குக் கழுத்துல இருக்கிற நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. எடுத்தாச்சு. ஆனாலும் இந்தக் கட்டி சுரக்கிற கால்சிடோனின், அதோட அளவு ரத்தத்துல இன்னும் இறங்கல. எங்கேயோ மிச்சம் இருக்கு."

"எத்தனை வருஷம் டாக்டர்?"

"பல வருஷம் நல்லா இருக்கிறவங்க உண்டு. உறுதி சொல்ல முடியாது. முக்கியமா, உங்களுக்கு வந்தது பரம்பரையா வர்ற வகை. பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணை உடனே கூட்டிட்டு வாங்க. ஆரம்பத்துலயே எடுத்துட்டா பெரும்பாலும் முழுசா குணமாயிடும்."

தையல்காரர் வாயில் 'உடனே' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சட்டை தைக்கக் கொடுத்த எல்லோருக்கும் தெரியும். இந்த வார்த்தையையும் அப்படியே வைத்துக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. பயம், வேறொன்றுமில்லை. பழைய மெஷினைத் தவிர மகளுக்கென்று எதுவும் சேர்த்து வைக்காத மனிதர், தான் கொடுத்த சொத்து இதுதான் என்று தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லாமல் கிடந்தார்.

மகளுக்கு ஹோட்டல் வரவேற்பில் வேலை. ஒரு காலையில் சீருடைச் சட்டையோடு கடைக்கு வந்தாள்.

"அப்பா, காலர் இறுக்குது. பட்டனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக் குடுங்களேன்."

பழக்கத்தில் கை ஊசியில் நூலைக் கோத்துவிட்டது. பட்டனை வெட்டக் கத்திரியையும் எடுத்துவிட்டது. அங்கேயே நின்றது.

"மாட்டேம்மா."

"ஏம்ப்பா? ஒரு பட்டன்தானே?"

"தாத்தாவுக்குத் தள்ளினேன். எனக்குத் தள்ளினேன். உனக்குத் தள்ள மாட்டேன். கிளம்பு, டாக்டர்கிட்ட போகணும்."

வந்த வேலையை அவர் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மகளுக்கும் இருந்தது. ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. அவளுடைய கால்சிடோனின் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இவருடையது இறங்கவில்லை, காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேனே மச்சான், நல்ல கேன்சர்னு" என்றார் மைத்துனர். தையல்காரரின் கண் மகள் மேலேயே இருந்தது.

மகள் மறுபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதே சட்டை. பட்டன் பழைய இடத்திலேயே இருந்தது.

"இறுக்கலப்பா" என்றாள்.

அவர் நம்பவில்லை. அவளைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தி, தழும்பில் படாமல் காலருக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போயிற்று.