மூன்று கடை, ஒரே விலை

கல்முனைக் கடைத்தெருவில் மூன்று விமான டிக்கெட் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விமானக் கம்பனி பத்துவிதக் கட்டணங்களை ஒழித்து ஒன்றாக்கியதிலிருந்து மூன்று கடைகளின் விலைப் பலகைகளிலும் ஒரே தொகைதான். நான் டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருக்கும் கடைக்கு, கட்டார் போகும் ஒருவர் மூன்றாம் தடவையாக வருகிறார்.

"காக்கா, கொஞ்சம் குறைங்க" என்று கடைக்காரரை அண்ணன் முறை சொல்லிக் கேட்கிறார்.

"குறைக்க ஏலா தம்பி. எல்லாருக்கும் ஒரே விலைதான்."

"குறைக்காம எடுத்தா ஊட்டுல ஏசுவாங்க."

கடைக்காரர் எழுந்து, பலகையில் பெரிய தொகை ஒன்றை எழுதிக் குறுக்கே கோடிட்டு வெட்டி, கீழே அதே பழைய விலையை எழுதுகிறார். கட்டார் போகிறவர் பலகையைப் போனில் படமெடுக்கிறார்.

"ஓம், இப்ப காட்டலாம்" என்று பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பலகையை இறக்குகிறார். வெட்டுவதற்காக அவர் எழுதும் தொகை இன்னும் பெரியது. நான் எழுந்து அங்கே போகிறேன்.