நல்ல செய்திப் பக்கத்தின் கோபக்காரி

அக்கா தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, என் கணினித் திரையில் இரண்டு சொற்களை விரலால் தட்டிக் காட்டினார். ‘ஹொதே பாரே.’ வங்காள மொழியில் ‘ஆகலாம்’ என்று பொருள். புதிய பேட்டரி ஒன்று வந்துவிட்டால் நகரத்தின் மின்சாரப் பேருந்துகள் இன்னும் அதிக தூரம் போவது சாத்தியமாகலாம் என்று எழுதியிருந்தேன். “ஓடுதா, இல்லையா? ஓடுச்சுன்னா ஏறிப் பாத்துட்டு வந்து எழுது. ஓடலைன்னா ஓடுறன்னைக்கு எழுது. இந்த ‘லாம்’ எனக்கு வேண்டாம்டி” என்றார். கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு சேலைக்கடையின் மாடியில் இருந்த அந்தச் சிறிய அலுவலகம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

நாங்கள் நடத்தியது ஓர் இணையதளத்தின் நல்ல செய்திப் பக்கம். ஏரிக்குத் திரும்பி வந்த பறவைகள், மீன் விற்கும் பெண்கள் கைவிட்ட பிளாஸ்டிக் பைகள், சூரிய விளக்குகள், ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஏதோ ஒரு பொருள் என்று எல்லாம் வரும். அந்தப் பக்கத்தின் ஆசிரியர் அவர். மற்றவர்களுக்கு தீதி, அங்கே இருந்த இன்னொரு தமிழ்க்காரியான எனக்கு அக்கா. அவருடையது திருநெல்வேலிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இதே நகரத்தில், பெஹாலாவில். லேக் கார்டன்ஸில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கும் என் அப்பாவிடம் பேசும்போது மட்டும் அக்காவின் தமிழில் ஊர் வாசம் வரும். மற்ற நேரமெல்லாம் கோபம்தான். நல்ல செய்தி எழுதுகிறவருக்கு எதற்கு இத்தனை கோபம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “கெட்ட செய்தி பொய்னு தெரிஞ்சா ஜனங்க நிம்மதியா மூச்சு விடுவாங்க. நல்ல செய்தி பொய்னு தெரிஞ்சா, அப்புறம் எதையுமே நம்ப மாட்டாங்க” என்றார்.

எங்கள் பக்கத்துக்கு விளம்பரம் தந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், பெஹாலாவைத் தாண்டி கால்வாயோரக் குடியிருப்பு ஒன்றில் சூரிய சக்தியில் ஓடும் குடிநீர் இயந்திரத்தை வைத்திருந்தது. அடிகுழாயில் துருநிறத்தில் வரும் தண்ணீரைத் தெளிந்த குடிநீராக்கும் புதிய கண்டுபிடிப்பு என்று செய்திக்குறிப்பு அனுப்பினார்கள். கூடவே ஒரு படம். நடுவயதுப் பெண் ஒருத்தி கண்ணாடித் தம்ளரை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறாள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இயந்திரத்துக்குப் பூட்டு போட்டிருந்தது. மேலே சூரியத் தகடுகளில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். படத்தில் இருந்த பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவர் மாசி, அதாவது சித்தி. “சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். அது பாட்டில் தண்ணி. மிஷின் திறப்பு விழா அன்னைக்கு ஓடுச்சு. அப்புறம் உள்ளே இருக்கிற வடிகட்டி அடைச்சுப்போச்சு, மாத்த ஆள் வரல” என்றார் வங்காளத்தில். குடிக்க என்ன செய்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். தினமும் காலையில் தண்ணீர் லாரி வருவதாகச் சொன்னார் மாசி.

அக்கா பார்த்ததை அப்படியே எழுதினார். ஒரு வடிகட்டி மாற்றினால் போதும், இது நல்ல செய்தியாகிவிடும் என்று முடித்திருந்தார். மேலாளர் படித்துவிட்டு, “இது நல்ல செய்திப் பக்கம், தீதி. மனசுக்கு உற்சாகம் தர்றதைப் போடுங்க” என்றார். “தாகத்துல இருக்கிறவங்களுக்கு உற்சாகம் எதுக்கு?” என்று அக்கா கத்தியது கீழே சேலைக்கடை வரை கேட்டிருக்கும். மறுநாள் நிறுவனத்தின் செய்திக்குறிப்பு, மாசியின் சிரிப்போடு, அக்காவின் பெயரைத் தாங்கி வெளியாகியிருந்தது. நீக்கச் சொல்லிக் கேட்டார், எழுதிக் கொடுத்தார், சண்டை போட்டார். நீக்கவில்லை. பலர் அதைப் பகிர்ந்து பூங்கொத்துக் குறிகள் போட்டிருந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் அலுவலகச் சண்டைகளில் ஒன்றாக நானும் மறந்திருப்பேன். சில வாரங்களில் மாசியும் இன்னும் சில பெண்களும் காலிக் குடங்களோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். வார்டு அலுவலகத்தில் தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். ‘உங்களுக்குத்தான் மிஷின் இருக்கே’ என்றார்களாம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு வார்டு அலுவலகத்துக்கு நடந்தார். நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மேசை இழுப்பறையிலிருந்து எங்கள் பக்கத்தின் அச்சுநகலை எடுத்துத் திருப்பி வைத்து, “மேடம், இது உங்க பேர்தானே?” என்றார். அக்காவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தின் மேலேயே, இது பொய், என் அனுமதியில்லாமல் என் பெயரில் வந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். “இப்ப லாரிய அனுப்புங்க. அனுப்புற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்” என்று தரையில் உட்கார்ந்தார். பெண்கள் குடங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் லாரி போனது. மறுநாள் அக்காவுக்கு வேலை போனது. அந்த மாதமே நானும் விலகினேன்.

பொய் சொன்னவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் இப்போதும் வருகிறது. சென்ற ஆண்டின் சிறந்த நல்ல செய்திகள் என்று தொகுத்தபோது மாசி மறுபடி தம்ளரோடு சிரித்தார். உண்மை சொன்னவர் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அறிவியல்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சூரியத் தகடுகள் பொய் சொல்லவில்லை, அந்தக் கண்டுபிடிப்பும் பொய்யில்லை. படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்மேல்தான் ஆத்திரம்.

போன மாதம் மாசி போன் செய்தார். பொறியியல் கல்லூரி மாணவிகள் சிலர் வந்து, அந்தச் சந்துப் பெண்களோடு சேர்ந்து இயந்திரத்தைப் பழுதுபார்த்தார்களாம். வடிகட்டியைக் கழுவி மாற்ற இப்போது மாசிக்கே தெரியும். நேரில் போய்ப் பார்த்தேன், குடித்தேன். அங்கிருந்தே அக்காவை அழைத்தேன். “நீயே குடிச்சியா?” என்று இரண்டு முறை கேட்டார்.

“எழுது” என்றார் கடைசியில். “நல்லா எழுது. மாசி பேரச் சொல்லாதே, ஆனா அவதான் கழுவுறான்னு எழுது.”

“சரிக்கா.”

“இன்னொண்ணு. லாரியும் தினம் வருது, அது வந்தே ஆகணும்னு சேத்து எழுது. இதையும் காட்டி எவனாவது நிறுத்திடப்போறான்.”