இன்னொரு தடவை சொல்லுங்க சார்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தானும் பிடித்துக்கொள்வாள் எக்ஸ்ரே அக்கா. படம் எடுப்பது அவருக்கு. முகம் சிவப்பது இவளுக்கு. 'டக்' என்று சத்தம் கேட்டதும், "விடுங்க" என்று சொல்லி, தலைச்சுமையை இறக்கினவள் மாதிரித் தானும் விடுவாள்.

பெயர்தான் எக்ஸ்ரே அக்கா. அந்த மெஷினின் சுவிட்சைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. சக்கர நாற்காலி தள்ளுவது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வது, கனமான ஈய அங்கியைக் கொக்கியில் மாட்டுவது, இவ்வளவுதான் வேலை. சுவிட்சைத் தொட வேண்டுமானால் டெக்னீஷியன் பயிற்சியில் சேர வேண்டும். சேர வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாஸாக வேண்டும். மற்ற பாடங்களை அந்தக் காலத்திலேயே தாண்டிவிட்டாள். இயற்பியல்தான் காலை வாரிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் பயிற்சியில் சேர்க்க மாட்டார்கள். இந்த வருடத்தை விட்டால் ஆயுசுக்கும் நாற்காலி தள்ள வேண்டியதுதான்.

பள்ளியில் லென்ஸ் பாடம் நடந்தபோது, பிம்பம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று எழுந்து கேட்டாளாம். வாத்தியார் சொன்னார். புரியவில்லை என்று மறுபடி கேட்டாள். "உனக்குன்னு தனியா ஒரு ஸ்கூல்தான் கட்டணும்" என்றார் அவர். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவள், பிறகு எந்த வகுப்பிலும் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது மகள்தான் போனில் ஆன்லைன் வகுப்பு சேர்த்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு என்று அட்டவணை வந்தது. ஆறு அடிக்கும் முன்பே முகம் கழுவி, தலை வாரி, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவாள். திரையில் வாத்தியார் வந்து "வணக்கம்" என்றதும் எழுந்து நிற்பாள். குக்கர் விசிலடித்தால், "ஒரு நிமிஷம் சார், அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்" என்று கேட்டுக்கொண்டுதான் நகர்வாள்.

பேக்கரியில் அதிகாலை அடுப்பு வேலை பார்க்கும் புருஷன் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்பார்: "என்ன, உங்க வாத்தியார் வந்துட்டாரா? அந்த மனுஷனுக்கு ஒரு டீயாவது குடுத்தியா?"

"சும்மா இருங்க, அவர் காதுல விழப்போகுது!"

விழுந்தால்தானே! பாடத்தின் நடுவே வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். இவள் பணிவாக, "இல்லைங்க சார்" என்பாள். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். இவளும் விடவில்லை. குரலை உயர்த்திப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், போனை முகத்துக்கு நேராகப் பிடித்தும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. மின்தூண்டல் பாடத்தன்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நான்னா மட்டும் உங்களுக்கு இளக்காரமா சார்? எத்தனை தடவை கேக்கறேன்? எனக்கு இந்தப் படிப்பே வேணாம், போங்க!"

மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். "யார்கிட்டம்மா சண்டை போடறே?"

"உங்க சார்கிட்டதான். வாயில்லாப் பூச்சின்னு நெனச்சுட்டாரு."

மகள் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இது எப்பவோ எடுத்து வச்ச வீடியோம்மா! அவரு இப்ப எங்க இருக்காரோ!"

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் போனை மூடி வைத்திருப்பார்கள். இவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்போ அவருக்கு என்மேல கோவம் எதுவும் இல்லையா?"

"உன்னை அவருக்குத் தெரியவே தெரியாதும்மா!"

"அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்தாள். மகள் விரலால் வீடியோவைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினாள். வாத்தியார் முதலிலிருந்து ஆரம்பித்தார், அதே சிரிப்போடு. இன்னொரு தடவை தள்ளினாள். அவர் முகம் சுளிக்கவில்லை.

அன்று பிடித்தது வேகம். அந்தப் பழைய வாத்தியார் சொன்ன தனிப் பள்ளிக்கூடம், கையகலத்தில் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்துகொண்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்பாள், தள்ளுவாள். வாத்தியாரின் பெண்டை நிமிர்த்திவிட்டாள் என்றே சொல்லவேண்டும். படிப்பு மண்டையில் ஏறாது என்று எவனாவது சொன்னால் அவனை இந்தச் சமையலறையில் ஒருநாள் கட்டிப்போட வேண்டும். எழுந்து நிற்பதையும் அனுமதி கேட்பதையும் மட்டும் அவள் விடவில்லை.

தேர்வு எழுதிய பிறகும் வாத்தியாருக்கு விடுதலை இல்லை. "பாஸோ ஃபெயிலோ, அந்த லென்ஸ் கணக்கு எனக்கு இன்னும் சரியா பிடிபடல" என்று மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கிவிட்டாள்.

முடிவு வந்த அன்றும் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு, புருஷனுடைய போனில் தேர்வு எண்ணை அடிக்கச் சொன்னாள். திரையில் வட்டம் சுற்றியது. மூன்று பேரும் குனிந்திருந்தார்கள். அவள் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"பாஸ்!" என்று கத்தினாள் மகள். "அம்மா, மூச்சை விடும்மா முதல்ல!"

விட்டாள். அந்தக் காற்றில் புருஷன் சட்டையிலிருந்த மைதா மாவே பறந்திருக்கும்.

"அப்புறம் என்னடி? வாத்தியாரை இனிமேலாவது வீட்டுக்கு அனுப்பு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் சர்க்கரை டப்பாப் பக்கம் திரும்பினாள். நிறுத்திய இடத்தில், பாதிச் சொல்லில், சாக்பீஸை உயர்த்தியபடி வாத்தியார் உறைந்திருந்தார்.

"ஐயோ பாவம், எவ்வளவு நேரமா வாயைத் தொறந்துட்டே நிக்கிறாரு" என்றவள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று திரையைத் தொட்டாள்.